குழந்தையின் இரவு எங்கே உடைகிறது?

கைக்குழந்தையோடு அமெரிக்காவுக்கு டிக்கெட் எடுக்க உட்காரும் வீடுகளில் பேச்சு இரண்டு எண்களைச் சுற்றியே ஓடும். ஒன்று விலை, மற்றது மொத்தப் பயண நேரம். “இறங்கி ஏறினா குழந்தைக்கு உடம்பு தாங்காதுடீ, நேரா போறதா பாரு” என்பார் ஊரில் இருக்கும் அம்மா. “பதினாறு மணி நேரம் ஒரே சீட்ல வச்சிருக்க முடியுமா? நடுவுல ஒரு ஸ்டாப் இருந்தாதான் நமக்கும் மூச்சு வரும்” என்பார் கணவர். திரையில் விலை மாறிக்கொண்டே இருக்கும் பதற்றத்தில் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு எழுந்துவிடுவோம்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே பெரியவர்களின் களைப்பை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இருபது மணி நேரமும் இருபத்து நான்கு மணி நேரமும் ஒன்றுதான். நல்ல தூக்கத்தில் இருந்த தன்னை எழுப்பி, வெளிச்சமும் சத்தமும் நிறைந்த ஓர் இடத்தில் நிறுத்திவிட்டார்கள் என்பது மட்டும் அதற்குத் தெரியும். அதன் பிறகு வரும் அழுகைக்கும், அடுத்த விமானத்தில் நாம் படும் பாட்டுக்கும் காரணம் அந்த ஒரு நொடிதான். ஆகவே டிக்கெட் எடுக்கும்போது, குழந்தையின் இரவு எந்த இடத்தில் உடைகிறது என்பதை முதலில் பாருங்கள் என்கிறேன். மணிக்கணக்கும் ஸ்டாப் கணக்கும் அதற்குப் பிறகு வரட்டும்.

நேராகப் போக முடியுமா?

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நிற்காமல் போகும் விமானம் இல்லை. இவ்வளவு குடும்பங்கள் கடல் கடந்து வாழும் ஓர் ஊருக்கு இது பெரிய குறைதான். லண்டனுக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் நேராகப் பறக்கலாம், பத்து பதினோரு மணி நேரம் ஆகும். சிங்கப்பூர், துபாய், அபுதாபி, தோஹா எல்லாம் நான்கு, நாலரை மணி நேரத் தொலைவு. லண்டன் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி தேவைப்படாது. நேர் விமானம் கையில் இருக்கும்போது, சில ஆயிரம் ரூபாய்க்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வளைகுடாவில் இறங்கி ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அமெரிக்கா போகும் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு ‘நேர் விமானம்’ என்றால் டெல்லி, மும்பை என்று இன்னோர் ஊரிலிருந்து கிளம்புவது. பெங்களூரிலிருந்தும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா 2021 ஜனவரியில் சேவையைத் தொடங்கியது. முதல் விமானத்தை முழுக்கப் பெண் விமானிகளே ஓட்டி வந்தது பெரிய செய்தியானது. ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் தூரம். இத்தகைய நெடுந்தொலைவுச் சேவைகள் நிலையாக இருப்பதில்லை. வான்வெளித் தடை, எரிபொருள் விலை, விமானத் தட்டுப்பாடு என்று எது வந்தாலும் அட்டவணை மாறும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து நிற்காமல் வட அமெரிக்கா போய்க்கொண்டிருந்த விமானங்கள் சில வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நேர் விமானத்துக்குக் காசு கொடுத்தவர்களுக்கும் ஒரு தரையிறக்கம் கூடுதலாக வந்தது.

ஒரே விமான எண்ணில் போகிறது என்பதால் மட்டும் நிற்காமல் போகிறது என்று பொருளில்லை. டிக்கெட்டில் ‘நான்-ஸ்டாப்’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இதில் பலர் கணக்கில் எடுக்காதது, வீட்டிலிருந்து விமான நிலையம் வரையிலான பயணம். சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ பெங்களூரு விமான நிலையத்துக்குக் காரில் போவது, ஊரைக் கடந்து தேவனஹள்ளி வரை நெரிசலில் ஊர்வதையும் சேர்த்து, குழந்தைக்கு ஒரு முழுப் பயணம்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் குடும்பம் சென்னைக்கு ஆறேழு மணி நேரம் காரில் வந்து, அங்கிருந்து விமானம் ஏறுவதைவிட, திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்குப் பறந்து அங்கே மாறுவது குழந்தைக்கு எளிது. ‘சென்னையிலிருந்துதான் நல்ல ஃப்ளைட்’ என்ற பழைய எண்ணத்தில் இந்த வழியைப் பார்க்காமலே விட்டுவிடுகிறோம். திருச்சி, மதுரை, கோவை மூன்றிலிருந்தும் வெளிநாட்டு விமானங்கள் இருக்கின்றன. தேடும்போது புறப்படும் ஊரை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஒரே ஊர், வேறு வேறு இரவுகள்

சென்னையிலிருந்து போகும் வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்புகின்றன. காரணம் நம் ஊரில் இல்லை. துபாய், தோஹா, ஃபிராங்க்ஃபர்ட் போன்ற இணைப்பு நிலையங்களில் காலையில் பல ஊர்களிலிருந்து விமானங்கள் கூட்டமாக வந்து இறங்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அதே பயணிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கூட்டமாகக் கிளம்பும். அந்த அலையில் போய்ச் சேர வேண்டும் என்றால் சென்னையில் அகாலத்தில்தான் ஏற வேண்டும். இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால் வழியைத் தேர்ந்தெடுப்பது தெளிவாகும்.

வளைகுடா வழியை எடுத்துக்கொள்வோம். அதிகாலை 4 மணிக்குச் சென்னையில் புறப்படும் விமானம் என்றால், குழந்தை 12 மணிக்கே வீட்டிலிருந்து தூக்கத்தோடு தூக்கமாகக் கிளம்பியிருக்கும். செக்-இன், குடியேற்றம், பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிந்து விமானத்தில் கண் அயர்வதற்கு ஐந்தாகிவிடும். நான்கு மணி நேரத்தில் துபாய். நம் நேரத்துக்கு எட்டு மணி, அங்கே ஆறரை. ஆக, குழந்தைக்குக் கிடைத்தது இரண்டு துண்டு அரைகுறைத் தூக்கம். நம் நேரம் பத்து, பத்தேகாலுக்கு அடுத்த விமானம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பதினாறு மணி நேரம். இந்தப் பதினாறும் நம் நேரப்படி குழந்தையின் பகல். தூக்கம் போதாத பகல். இறங்கும்போது அதன் உடம்பில் இரவு இரண்டு மணி, வெளியே கோடைப் பகல் ஒன்றே முக்கால்.

ஐரோப்பிய வழி வேறு மாதிரி. இரவு இரண்டு மணிக்குக் கிளம்பும் விமானம் பத்து மணி நேரம் பறக்கிறது. ஏறி அரை மணியில் தூங்கிய குழந்தைக்கு ஆறேழு மணி நேரம் யாரும் எழுப்பாத இரவு கிடைக்கும். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கும்போது நம் நேரம் நண்பகல், அங்கே காலை எட்டரை. தூங்கி எழுந்து, பால் குடித்து, விளையாடத் தயாராக இருக்கும் பிள்ளை. அடுத்து சிகாகோவுக்கோ நியூயார்க்குக்கோ எட்டு, ஒன்பது மணி நேரம். நடுவில் ஒரு மதியத் தூக்கம் வரும். இரண்டு சம பாதிகளாகப் பயணம் பிரிகிறது, இரவு ஒரு பாதியில் முழுசாக விழுகிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் நடுப்பகுதிக்கும் போகும் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூர் வழியில் இரவு பதினொரு மணிக்குக் கிளம்பினால், நம் நேரம் மூன்று மணிக்குக் குழந்தையை எழுப்ப வேண்டும். தூக்கம் ஆழ்ந்திருக்கும் நேரம் அது. மேற்குக் கரைக்குத் தூரக் கணக்கில் இது நல்ல வழிதான், ஆனால் இரவுக் கணக்கில் மோசம். பகலில் கிளம்பும் விமானம் கிடைத்து, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் மாலையில் இறங்கி, இரவு விமானம் ஏற முடிந்தால் அதே வழி சிறந்த வழியாகிவிடும். வழி ஒன்றே, புறப்படும் நேரம்தான் வேறு.

டெல்லி வழியில் சென்னையிலிருந்து மாலை விமானம் பிடித்தால், மாறுவது குழந்தை விழித்திருக்கும்போதே நடந்துவிடும். பிறகு நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் நீண்ட விமானத்தில் தொடர்ந்து தூங்கலாம். இடையில் டெல்லி மூன்றாம் முனையத்தில் நான்கைந்து மணி நேரம் குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தாத்தா பாட்டி கூட வந்தால் அவர்களுக்கு இட்லி கிடைக்கிற இடத்தில் காத்திருப்பது ஓர் ஆறுதல்.

காகிதத்தில் ஒரு கோடு போட்டு, நம் ஊர் நேரத்தை அதில் எழுதி, குழந்தை வழக்கமாகத் தூங்கும் இரவு எட்டு முதல் காலை ஆறு வரையிலான பகுதியைப் பென்சிலால் அடைத்துவிடுங்கள். அதற்குக் கீழே ஒவ்வொரு டிக்கெட்டின் ஏறும், இறங்கும் நேரத்தையும் எழுதுங்கள். அடைத்த பகுதிக்குள் நடுவழி இறக்கம் விழாத டிக்கெட்டை எடுங்கள்.

எந்த வயது?

நான்கு முதல் ஒன்பது மாதம் வரை உள்ள குழந்தையோடு போவது, கேட்பவர்களுக்கு வியப்பாக இருந்தாலும், எல்லா வயதையும்விட எளிது. தாய்ப்பால் குடிக்கிறது, நடக்காது, எட்டு ஒன்பது கிலோவுக்குள்தான் இருக்கும், விமானத்தில் மாட்டும் சிறு தொட்டிலான பாஸினெட்டில் படுக்கும். விமான நிறுவனத்தைப் பொறுத்து பாஸினெட்டின் எடை வரம்பு ஏறத்தாழ 10 முதல் 14 கிலோ வரை. முன்சுவர் இருக்கும் வரிசையில் மட்டுமே அது மாட்டப்படும், எண்ணிக்கையும் குறைவு. டிக்கெட் எடுத்த அன்றே ஃபோன் செய்து கேட்டு உறுதி செய்ய வேண்டும். ஆட்டம் கண்டு சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்கும் குழந்தையை எடுத்து மடியில் வைக்கச் சொல்வார்கள் என்பதையும் அறிந்து போங்கள். இந்த வயதுக்கு நீண்ட, நிற்காத விமானமே நல்லது. மாறுவதில் அதற்கு எந்த லாபமும் இல்லை.

நாலைந்து வயதுக்கு மேல் என்றால் எந்த வழியும் ஓடும். திரையில் படம் பார்க்கும், கழிவறைக்குச் சொல்லிவிட்டுப் போகும், “இன்னும் எவ்ளோ நேரம்மா” என்று கேட்கும், பதிலைப் புரிந்துகொள்ளும். நேர் விமானம் கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம்.

கஷ்டம் ஒன்றிலிருந்து மூன்று வயது வரைதான். நடக்கத் தெரியும், நிற்கத் தெரியாது. பாஸினெட்டுக்குப் பெரிது, பெரியவர் இருக்கைக்குச் சிறிது. இந்த வயதுப் பிள்ளைக்கு விழித்திருக்கும் நேரத்தில் பதினாறு மணி நேர விமானம் என்பது, அதற்கும் கொடுமை, தூக்கிக்கொண்டு இடைவழியில் நடக்கும் அப்பாவுக்கும் கொடுமை, பக்கத்து இருக்கைக்காரருக்கும் கொடுமை. இதற்குத்தான் இடைநிறுத்தம் வேண்டும். அதுவும் ஒன்றரை மணி நேர இடைநிறுத்தம் உதவாது. இறங்கவும், கேட்டைத் தேடி ஓடவும் அது சரியாக இருக்கும். மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல், ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடட்டும், விழட்டும், தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கட்டும். உடைமாற்றி, முகம் கழுவி, தயிர்சாதம் ஊட்டி அடுத்த விமானத்தில் ஏற்றினால் பாதி வழிக்குத் தூங்கிவிடும். எட்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வந்தால் விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கும் ஹோட்டலில் சில மணி நேரத்துக்கு அறை எடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். சாங்கி, தோஹா, துபாய் மூன்றிலும் குடியேற்றம் தாண்டாமலே இந்த வசதி உண்டு.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் கடினமான வயதில் இருக்கும் பிள்ளையை வைத்தே வழியை முடிவு செய்யுங்கள். ஆறு வயது அக்கா எந்த வழியிலும் வந்துவிடுவாள்.

காதும், தூக்க மருந்தும்

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறிலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போல வைக்கப்பட்டிருக்கும். கிட்டத்தட்டக் கொடைக்கானல். இறங்கும்போது நடப்பது, கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு அரை மணியில் வந்து சேர்வதைப் போன்றது. மலைப்பாதையில் நம் காது அடைத்துக்கொள்வது எதனாலோ அதனால்தான் குழந்தையும் அலறுகிறது. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது, அதிகச் சரிவில்லாதது, எளிதில் திறக்காது. விழுங்கினால் திறக்கும். அதனால்தான் இறங்கும்போது பால் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பலர் ஏறும்போது கொடுத்துத் தீர்த்துவிட்டு, இறங்கும்போது வெறும் பாட்டிலோடு நிற்கிறார்கள். காதுவலி பெரும்பாலும் இறங்கும்போதுதான். சக்கரம் தரையைத் தொடுவதற்கு அரை மணி முன்பே கீழிறக்கம் தொடங்கிவிடும். அப்போதே எழுப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வையுங்கள். ஒரு ஸ்டாப் கூடினால் ஒரு கீழிறக்கம் கூடுகிறது. சளி பிடித்திருக்கும் குழந்தைக்கு, காதில் சீழ் வந்து ஆறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, இந்த ஒரு காரணத்துக்காகவே குறைந்த ஸ்டாப் உள்ள வழியைத் தேர்ந்தெடுக்கலாம். கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் காதைக் காட்டிவிடுங்கள்.

அந்த மருத்துவரிடம் இன்னொன்றையும் பேச வேண்டும். “ஃப்ளைட்ல தூங்க ஃபெனர்கன் குடுத்துடு” என்ற அறிவுரை நம் வீடுகளில் தலைமுறையாக வருகிறது. அதில் உள்ள ப்ரோமெத்தசின், இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு மூச்சை அடக்கி உயிரையே பறிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மருந்தின் விவரக்குறிப்பிலேயே கட்டமிட்டு எச்சரிக்கிறது. பெரிய பிள்ளைகளிலும் சிலருக்கு இவ்வகை மருந்து தூக்கத்துக்குப் பதில் ஆர்ப்பாட்டத்தைக் கொண்டுவரும். முப்பதாயிரம் அடியில், மருத்துவமனை எதுவும் எட்டாத இடத்தில், இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். குழந்தை அழட்டும். அழுகை யாருக்கும் ஆபத்தில்லை.

மாறும் இடத்தில்

இடைநிறுத்தம் நன்றாக அமைவது மாறும் நிலையத்தைப் பொறுத்தது. சாங்கியில் பட்டாம்பூச்சித் தோட்டமும் விளையாட்டிடங்களும் உண்டு. தோஹாவில் மஞ்சள் கரடிப் பொம்மையைத் தாண்டிப் போனால், கூரைக்குக் கீழே மரங்கள் வளர்ந்த தோட்டம் ஒன்றை 2022-ல் திறந்திருக்கிறார்கள். துபாயிலும் சாங்கியிலும் ஸ்ட்ரோலர் இலவசமாகத் தருவார்கள். இந்த மூன்றும் குழந்தையோடு வருகிறவர்களை நினைத்துக் கட்டிய இடங்கள். ஐரோப்பிய நிலையங்களில் முனையம் மாற வேண்டியிருக்கலாம். மறுபடி பாதுகாப்புச் சோதனை, மறுபடி பையைப் பிரிப்பது, ஸ்ட்ரோலரை மடக்குவது எல்லாம் வரும். குழந்தைக்கான பாலுக்கும் வெந்நீருக்கும் நூறு மில்லி வரம்பு பெரும்பாலும் தளர்த்தப்படும், ஆனால் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும்.

சென்னையில் விமான வாசலில் ஒப்படைத்த உங்கள் ஸ்ட்ரோலர், மாறும் ஊரில் வாசலுக்கே வருமா, அல்லது கடைசி ஊரில்தான் கிடைக்குமா என்று செக்-இன் கவுன்ட்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசியில்தான் என்றால், குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணி ஒன்று கைப்பையில் இருக்கட்டும். பழைய பருத்திப் புடவையும் போதும்.

இரண்டு விமானங்களும் ஒரே பி.என்.ஆரில் இருக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் மாற்று ஏற்பாடு அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால் நடு இரவில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு புது டிக்கெட் வாங்க வேண்டியது நாம்தான். இணைப்பு நிலையம் நின்றுபோவதும் நடக்காத ஒன்றல்ல. 2024 ஏப்ரல் 16-ல் துபாய் மழையில் மூழ்கியது. 2025 மார்ச் 21-ல் துணைமின் நிலையத் தீயால் லண்டனின் ஹீத்ரோ ஏறத்தாழ நாள் முழுதும் மூடிக்கிடந்தது. அதே ஆண்டு ஜூன் 23-ல் கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. இவற்றில் சிக்கியவர்களில் கைக்குழந்தைக்காரர்களும் இருந்திருப்பார்கள். ஆகவே கைப்பையில் ஒரு முழு நாளைக்கான டயப்பரும், பால்பவுடரும், இரண்டு மாற்று உடையும், காய்ச்சல் மருந்தும் எப்போதும் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் இருப்பது இல்லாததற்குச் சமம்.

அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் குடியேற்றம் முடித்து, பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். நியூயார்க்கில் இறங்கி ராலேக்கோ ஆஸ்டினுக்கோ மாறும் குடும்பம் இதற்கு மூன்று மணி நேரமாவது விட வேண்டும். இந்த வரிசையைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. அபுதாபியில் 2014 முதல் அமெரிக்கக் குடியேற்ற அலுவலகமே இயங்குகிறது. அங்கேயே எல்லாம் முடிந்துவிடும், அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணியைப் போல இறங்கலாம். உடம்பில் இரவு இரண்டு மணி ஆகியிருக்கும் குழந்தையோடு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிற்காமல் இருப்பது பெரிய விஷயம். வளைகுடா வழியின் மேல் எனக்கு இருக்கும் குறையைப் பாதி தீர்ப்பது இது ஒன்றுதான்.

பாட்டியிடம் இந்தியப் பாஸ்போர்ட், பேத்தியிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட் என்று இருக்கும் குடும்பங்கள், மாறும் நாட்டில் யாருக்கு ட்ரான்சிட் விசா வேண்டும் என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிச்சப் பணத்தை எதில் போடுவது?

இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயமில்லை. மடியில் வைத்துக்கொண்டால் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடும். இதனால் எல்லோரும் மடியில்தான் வைத்துப் போகிறோம். நேர் விமானத்துக்குக் கூடுதலாகத் தர ஒரு தொகை கையில் இருந்தால், அதை ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கப் போடுங்கள். என் உறுதியான கருத்து இது. பன்னிரண்டு கிலோ குழந்தை மடியில் இருக்கும் நேர் விமானத்தைவிட, அது தன் இடத்தில் காலை நீட்டிப் படுத்திருக்கும் ஒரு ஸ்டாப் விமானம் எல்லோருக்கும் நல்லது.

இதில் பாதுகாப்பும் இருக்கிறது. 1989 ஜூலை 19-ல் அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விபத்துக்குள்ளானபோது மடிக்குழந்தைகள் நால்வர் அதில் இருந்தார்கள். அன்றைய விதிப்படி, துணி சுற்றி அவர்களைத் தரையில் வைக்கச் சொன்னார் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரௌன். ஒரு குழந்தை உயிரிழந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை வேண்டும் என்று அதன்பின் அவர் பல ஆண்டுகள் போராடினார். இன்றுவரை அமெரிக்காவில் அது சட்டமாகவில்லை. கட்டணம் கூடினால் குடும்பங்கள் கார்ப் பயணத்துக்கு மாறும், சாலையில் ஆபத்து அதிகம் என்பது அதற்கு எதிரான வாதம். கடல் தாண்டிப் போகும் நமக்கு அந்த வாதம் பொருந்தாது, கார் ஒரு மாற்றே இல்லை. விபத்து அரிது. ஆனால் திடீர் ஆட்டம் அரிதல்ல, அதில் கைகளால் குழந்தையைப் பிடித்து வைக்க முடியாது. 10 முதல் 20 கிலோ வரை எடையுள்ள பிள்ளைகளுக்காக இருக்கையில் மாட்டும் கேர்ஸ் என்ற பட்டை ஒன்று இருக்கிறது. உங்கள் விமான நிறுவனம் அதை ஏற்குமா என்று முன்கூட்டிக் கேளுங்கள்.

இருக்கை அமைப்பையும் பாருங்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 விமானங்களில் பெரும்பாலும் மூன்று மூன்றாக இருக்கும், மூவர் குடும்பத்துக்குச் சரி. 777-ல் பல நிறுவனங்கள் நடுவில் நான்கு வைக்கின்றன, நால்வர் குடும்பம் அங்கே சேர்ந்து உட்காரலாம், வெளியாள் ஒருவரையும் தாண்ட வேண்டாம்.

திரும்பும் வழி வேறு

போகும்போது நல்லதாக இருந்த வழி திரும்பும்போது கெட்டதாகிவிடும். இதைக் கவனிக்காமல் போன வழியிலேயே திரும்பும் டிக்கெட்டையும் எடுத்துவிடுகிறோம்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் பகல் இரண்டரைக்குக் கிளம்பும் ஐரோப்பிய விமானம் பதினோரு மணி நேரத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கும்போது, சில வாரங்கள் அமெரிக்காவில் இருந்து பழகிய குழந்தையின் உடம்பில் இரவு ஒன்றரை மணி. நியூயார்க்கிலிருந்து மாலை ஆறுக்குக் கிளம்பினாலும் ஏறத்தாழ அதே கதை. நடு இரவில் எழுப்பி, வெயில் அடிக்கும் ஐரோப்பியக் காலையில் இறக்கி நடக்க விட வேண்டும். வளைகுடா விமானம் மாலை நான்குக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பினால், குழந்தை எட்டு மணிக்குத் தூங்கி, ஒரு முழு இரவும் தூங்கி எழுந்து, அதன் காலை எட்டு மணிக்குத் துபாயில் இறங்குகிறது. அங்கே ஓடியாடிவிட்டு நான்கு மணி நேரத்தில் சென்னை. நியூயார்க்கிலிருந்து இரவு பதினொன்றுக்குக் கிளம்புவதும் இப்படித்தான் அமையும். போகும்போது ஐரோப்பா, வரும்போது வளைகுடா என்று எடுக்க முடிந்தால் இரண்டு இரவும் உடையாது. இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளாக எடுத்தால் விலை கூடலாம். எவ்வளவு கூடுகிறது என்று டிராவல் ஏஜென்ட்டிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் பயணத்துக்கு நடுவில் வந்தால், திரும்பும்போது அதற்குத் தனி இருக்கை கட்டாயம். முதலிலேயே அந்த டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்காது. சென்னையில் இறங்கும்போது பெரும்பாலும் பின்னிரவாக இருக்கும், குழந்தைக்கோ அது நடுப்பகல். வீட்டுக்குப் போனதும் விளக்கை அணைத்துத் தட்டித் தூங்க வைக்கப் பார்க்காமல், பசித்தால் கொஞ்சம் இட்லி ஊட்டி, விடிந்ததும் வெயிலில் தூக்கிக்கொண்டு போங்கள். உடம்பின் கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். பார்க்க வரும் உறவினர்களை அடுத்த வாரம் வரச் சொல்லிவிடலாம்.